தும்பியும் ஊசித்தும்பியும்: எங்கட ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

போன மாரியில கிணத்தடித் தொட்டிச் சுவரில ஒரு தும்பி தோல் கழட்டிக்கொண்டு வெளிய வாறதை போனில வீடியோ எடுத்து குடும்ப வட்ஸப் குறூப்பில போட்டன், அவ்வளவுதான் நான் விட்ட பிழை. ரொறன்ரோ மச்சாளில இருந்து பக்கத்து வளவு மாமி வரைக்கும் கேள்விமேல கேள்வி. திரும்பத் திரும்ப அதே கேள்வி வருது எண்டபடியால் எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி வைக்கிறன். நான் இதைப் படிப்பிக்கிற ஆள் இல்லை, கன வருசமா குளக்கரையில வேலையத்து நிண்டு பாக்கிற ஆள், அப்பப்ப வாசிக்கிறதும் உண்டு.

தும்பியும் தட்டானும் ஒண்டோ?

ஓம், ஒண்டுதான். இஞ்ச யாழ்ப்பாணத்தில தும்பி, தமிழ்நாட்டுப் பக்கம் தட்டான், தட்டாரப்பூச்சி எண்டுவினம். ஆனா சங்கப் பாட்டு படிக்கேக்க குழம்பிப் போகாதேங்கோ, குறுந்தொகையில தேன் தேடித் திரியிற தும்பி எண்டு வாறது இது இல்லை, அது வண்டு. எங்கட தும்பிக்குத் தேனில ஆசையே கிடையாது. பூவில இருந்தாலும் அது காவல் இருக்கிறதுக்குத்தான், ஏதாவது பறந்து வந்தா பாஞ்சு பிடிக்க. மச்சம் மட்டும்தான் தின்னும். விஞ்ஞானத்தில இந்தக் கூட்டத்துக்கு ஒடோனேற்றா எண்டு பேர், 1793ல டென்மார்க்காரர் பப்ரீசியஸ் வைச்சது, கிரேக்கத்தில பல்லு எண்டுற சொல்லில இருந்து வந்தது. வாயைக் கிட்டப் போய்ப் பாத்தா ஏன் அப்பிடி வைச்சவர் எண்டு விளங்கும்.

ஊசித்தும்பி எண்டுறது தும்பியின்ர குஞ்சோ?

இதைத்தான் ஆகலும் கூடக் கேக்கினம். இல்லை. செட்டை முளைச்ச பூச்சி அதுக்குப் பிறகு ஒரு நூல் அளவும் வளராது, சின்னனாப் பறந்தா அது சின்ன இனம், அவ்வளவுதான். ஊசித்தும்பி வேற பகுதி. இருக்கேக்க செட்டை நாலையும் முதுகுக்கு மேல சேத்து மடிச்சு வைச்சிருக்கும், பெரிய தும்பி ஏரோப்பிளேன் மாதிரி விரிச்சபடி இருக்கும். ஊசித்தும்பியின்ர கண் ரெண்டும் தலையின்ர ரெண்டு பக்கமும் தள்ளித் தள்ளி, சுத்தியல் தலை மாதிரி, தும்பிக்கு அனேகமா ரெண்டு கண்ணும் நடுவில முட்டிக்கொண்டு நிக்கும். அதோட தும்பிக்குப் பின்செட்டை அடியில அகலம், ஊசித்தும்பிக்கு நாலும் ஒரே அச்சு. செட்டையை அரைவாசி விரிச்சபடி இருக்கிற ஒரு ஊசித்தும்பிக் குடும்பமும் இருக்கு, லெஸ்டிடே எண்டு பேர், அதைக் கண்டிட்டு நான் எழுதினது பொய் எண்டு சொல்லிக்கொண்டு வராதேங்கோ, கண்ணைப் பாருங்கோ.

அப்ப உண்மையான குஞ்சு எங்க?

தண்ணிக்குள்ள. வானத்தில பறக்கிறதை மட்டும் பாத்திட்டு அதுதான் தும்பி எண்டு நினைக்கிறம், ஆனா அதின்ர சீவியத்தில பெரும்பகுதி சேத்துக்குள்ளயும் பாசிக்குள்ளயும்தான் போகுது. முட்டையில இருந்து வாற குடம்பியைப் பாத்தா ஒருத்தரும் தும்பி எண்டு சொல்லமாட்டினம். மண்ணிறத்தில, ஆறு காலோட, சிலந்திக்கும் கரப்பானுக்கும் நடுவில ஏதோ ஒண்டு. சின்னனில நாங்கள் கிணத்தடி வாய்க்காலில இதைக் கண்டா "தண்ணிப் பூரான்" எண்டு கத்திக்கொண்டு ஓடுறது, அது ஒண்டும் செய்யாது.

எங்களை ஒண்டும் செய்யாது எண்டு சொன்னனான், பேத்தையை, அதுதான் தவளைக் குஞ்சை, கேட்டா வேற கதை சொல்லும். அதின்ர கீழ்ச்சொண்டு சாதாரண சொண்டு இல்லை, முழங்கை மாதிரி மடிச்சு முகத்துக்குக் கீழ ஒளிச்சு வைச்சிருக்கும், நுனியில கொளுக்கி. இரை கிட்ட வந்தா அந்தக் கை சட்டெண்டு நீளும், கொளுவும், இழுக்கும். ஒரு செக்கனை நூறாப் பிரிச்சா அதில ஒரு சில பங்குக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். நான் ஒரு போத்திலுக்குள்ள விட்டுப் பாத்தனான், முன்னால நீந்திக்கொண்டிருந்த பேத்தையைக் காணேல்லை, குடம்பி வாயை அசைச்சுக்கொண்டு இருக்கு, நடுவில நடந்தது என்ர கண்ணுக்கு எட்டவே இல்லை. நுளம்புக் குடம்பி, பேத்தை, சின்ன மீன், தன்ர சொந்தச் சகோதரம், எதையும் விடாது.

மூச்சு விடுறது இன்னும் விசித்திரம். பெரிய தும்பியின்ர குடம்பிக்குச் செவுள் இருக்கிறது பின்பக்கத்துக் குடலுக்குள்ள. பின்வாசலால தண்ணியை உள்ளுக்கு இழுத்து அங்கதான் ஒட்சிசன் எடுக்குது, பயந்து ஓடவேணும் எண்டா அதே தண்ணியை ஒரேயடியாப் பீச்சிவிட்டு றொக்கற் மாதிரி முன்னுக்குப் பாயும். இதை மருமகனுக்குச் சொன்னதில இருந்து அவனுக்கு உலகத்திலயே பிடிச்ச பிராணி இதுதான். ஊசித்தும்பிக் குடம்பிக்கு அந்த வசதி இல்லை, வால் நுனியில மூண்டு இலை மாதிரிச் செவுள் வெளிய நீட்டிக்கொண்டிருக்கும், பாத்த உடன பிரிச்சுச் சொல்லலாம்.

எவ்வளவு காலம் இப்பிடித் தண்ணிக்குள்ள கிடக்கும் எண்டுறது இனத்தைப் பொறுத்தது. மழைக் குட்டையில வளருற சிலதுக்கு ஒண்டரை மாசம் காணும், குளிர் நாடுகளில நாலஞ்சு வருசம் கிடக்கிறதும் இருக்கு.

வீடியோவில நடந்தது என்ன? செத்துப்போச்சு எண்டெல்லோ நினைச்சம்?

எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சவை, ஏனெண்டா நடுவில அரை மணித்தியாலம் அது தலைகீழாத் தொங்கிக்கொண்டு அசையாம இருக்கும். நடந்ததை வரிசையாச் சொல்லுறன். விடியப்புறம் இருட்டோட குடம்பி தண்ணியை விட்டு ஏறி தொட்டிச் சுவரில ஒரு முழம் உயரத்தில காலைக் கொளுவிக்கொண்டுது. கொஞ்ச நேரத்தால முதுகுத்தோல் வெடிச்சு நெஞ்சு வெளிய வந்துது, பிறகு தலை, பிறகு கால். பிறகு அப்பிடியே பின்னால மல்லாந்து தொங்குது. அது காலைக் காயவிடுற நேரம், ஈரக் காலை ஊண்டினா மடங்கிப்போகும். கால் இறுகினாப் பிறகு ஒரே எத்தா எழும்பித் தன்ர பழைய தலையையே பிடிச்சுக்கொண்டு வாலை உருவி எடுக்குது. அப்ப செட்டை கசக்கின ரிசூ மாதிரி நாலு சின்ன உருண்டை. உடம்புக்குள்ள இருக்கிற திரவத்தை அதுக்குள்ள அடிச்சு அடிச்சு மெல்ல மெல்ல விரிக்குது, முதல் பால் நிறம், பிறகு கண்ணாடி. கொஞ்ச நேரம் செட்டையைச் சேத்து வைச்சிருந்திட்டு படக்கெண்டு விரிச்சுது, அதுக்குப் பிறகு ஒருநாளும் அதைச் சேத்து மடிக்கேல்லை.

சுவரில மிச்சம் இருக்கிற வெறுங்கோதைப் பாருங்கோ, முதுகு வெடிப்பில வெள்ளை நூல் மாதிரி தொங்கும். அது நூல் இல்லை, மூச்சுக்குழாயின்ர உள்தோல். வண்ணத்துப்பூச்சி மாதிரி கூட்டுப்புழுப் பருவம் ஒண்டும் இதுக்கு இல்லை, தண்ணிப் பிராணி நேர வானப் பிராணியா மாறுது. அண்டைக்கு வந்தது மூண்டு, ஒண்டை எறும்பு கொண்டுபோச்சு, ஒண்டைக் கரிக்குருவி. மிச்சம் ஒண்டுதான் வேலியைத் தாண்டினது.

எவ்வளவு நாள் உயிரோட இருக்கும்?

பறக்கத் தொடங்கின பிறகு பொதுவா ஒரு சில கிழமை, மிஞ்சினா ஒண்டு ரெண்டு மாசம். "ஒரு நாள்தான் வாழும்" எண்டுறது வேற பூச்சியின்ர கதை.

கொட்டுமோ?

கொட்டாது, கொடுக்கே இல்லை. வாலை வளைக்கிறது பயமுறுத்திறதுக்கு. பெரியது ஒண்டைப் பிடிச்சு வைச்சா விரலைக் கடிக்கும், எறும்பு கடிச்ச அளவும் வராது.

ஏன் கையால பிடிக்கவே ஏலாம இருக்கு?

ஏனெண்டா பின்னால வாற உங்களையும் அது பாத்துக்கொண்டுதான் இருக்கு. பெரிய தும்பியின்ர ஒவ்வொரு கண்ணிலயும் 28,000 வரைக்கும் குட்டிக் கண் இருக்கும், தலை முழுக்கவே கண்தான். செட்டை நாலையும் தனித்தனியா ஆட்டலாம், அதாலதான் நிண்ட இடத்தில நிக்கும், பக்கவாட்டில போகும், பின்னுக்கும் போகும். இரை பிடிக்கேக்க அதைத் துரத்துறது இல்லை, அது எங்க போய்ச் சேரும் எண்டு கணக்குப் பண்ணி அங்க போய் மறிக்கிறது, கிறிக்கெற்றில நல்ல பீல்டர் கட்ச் எடுக்க ஓடுற மாதிரி. ஆய்வுகூடத்தில பாத்தவை நூறுக்குத் தொண்ணூத்தஞ்சு தரம் வரைக்கும் பிடிக்குது எண்டு எழுதியிருக்கினம், சிங்கம் புலியெல்லாம் கிட்டவும் வராது. கால் ஆறையும் கூடை மாதிரி வைச்சு வானத்திலயே அள்ளும், ஆனா அந்தக் காலால ஒழுங்கா நாலடி நடக்கத் தெரியாது.

மத்தியானத்தில வாலை மேல தூக்கிக்கொண்டு நிக்குது, அது என்ன யோகாசனமோ?

கொடிக்கம்பியில கண்டிருப்பீங்கள், பங்குனி சித்திரை வெய்யிலில. வாலைச் சூரியனுக்கு நேர குத்திட்டு நிப்பாட்டினா உடம்பில வெய்யில் படுற பரப்புக் குறையும், நாங்கள் மத்தியானத்தில நிண்டா நிழல் சின்னனாகிற மாதிரி. உச்சிப் பொழுதில செங்குத்தா நிக்கும், சூரியன் சரியச் சரிய வாலும் சரியும். நான் ஒருக்கா பதினொரு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் ஒரு தும்பியைப் பாத்துக்கொண்டிருந்தனான், மணிக்கூடு தேவைப்படேல்லை. வீட்டில ஏச்சு விழுந்தது வேற கதை.

ரெண்டு தும்பி ஒட்டிக்கொண்டு பறக்குதே?

முன்னால ஆண், பின்னால பெண், வால் நுனியால பெண்ணின்ர கழுத்தைக் கொளுவிப் பிடிச்சிருக்கும். சேருற நேரம் பெண் தன்ர வாலை முன்னுக்கு வளைச்சு ஆணின்ர நெஞ்சடியில தொடுக்க, ரெண்டும் சேர்ந்து ஒரு வளையம், ஊசித்தும்பியில அது அப்பிடியே இதய வடிவம். வடிவாத்தான் இருக்கு, ஆனா உள்ளுக்கு நடக்கிறது அவ்வளவு வடிவில்லை. முந்திச் சேர்ந்த ஆணின்ர விந்தை வழிச்செடுத்து எறிஞ்சுபோட்டுத்தான் இது தன்ரயை வைக்குது எண்டு 1979ல அமெரிக்காவில வாகே எண்டவர் ஒரு ஊசித்தும்பியில காட்டினவர். தனக்குச் செய்ததைத் தனக்கு ஆரும் செய்யக்கூடாதெண்டுதான் கன ஆண்கள் முட்டை இட்டு முடியுமட்டும் பெண்ணை விடாமப் பிடிச்சுக்கொண்டே திரியிறது.

முட்டையை ஊசித்தும்பி செடித்தண்டைக் கீறி உள்ளுக்கு வைக்கும், தும்பியில கனக்க இனம் வாலைத் தண்ணியில தட்டித் தட்டிப் போடும். கார் பொனற்றில தட்டிக்கொண்டு நிக்கிறதைப் பாத்திட்டு ஒருத்தர் "கண்ணாடி பாக்குதோ" எண்டு கேட்டவர். இல்லை, பாவம், அது ஏமாந்துபோச்சு. தண்ணியில பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்துக்கு ஒரு தனிக் குணம் இருக்கு, எங்கட கண்ணுக்குத் தெரியாது, தும்பிக்குத் தெரியும், அதை வைச்சுத்தான் தண்ணியைக் கண்டுபிடிக்குது. மினுக்கின காரிலயும் சோலர் பனலிலயும் தெறிக்கிறதும் அதே மாதிரி வெளிச்சம். அதில போட்ட முட்டை கருகிப்போகும்.

சிவப்புத் தும்பியும் மஞ்சள் தும்பியும் வேற வேறயோ?

சில நேரம் ஒரே இனம். மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவப்பா இருக்கிறது, குறொக்கொதெமிஸ் சேர்விலியா, அது முத்தின ஆண். பெண்ணும், முத்தாத ஆணும் மஞ்சள். நிறப்பொருள் ஒண்டுதான், அதின்ர இரசாயன நிலை மாற நிறம் மாறுது எண்டு 2012ல யப்பான்காரர் கண்டுபிடிச்சவை.

தும்பி தாழப் பறந்தா மழையோ?

"தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" எண்டு பழமொழி. முழுப்பொய் எண்டு சொல்லமாட்டன். ஐப்பசி பிறக்கிற நேரம் வயல்வெளியிலயும் பள்ளிக்கூட மைதானத்திலயும் மஞ்சள் தும்பி நூற்றுக்கணக்கில இருக்காமப் பறக்குமே, அதுதான் பன்டாலா பிளேவெசென்ஸ், உலகத்திலயே கூடத் தூரம் போற பூச்சிகளில ஒண்டு. மழையை அது கொண்டு வாறதில்லை, மழையைக் கொண்டு வாற காத்தில அது ஏறி வருது, ஏனெண்டா அது முட்டை போடுறது புது மழைத் தண்ணி தேங்கின குட்டையளில. அங்க மீன் இருக்காது, தண்ணி வத்த முந்திக் கெதியா வளந்து எழும்பிப் போகவேணும்.

மாலைதீவில இருந்த கடல் விஞ்ஞானி சார்ள்ஸ் அன்டர்சன், ஒவ்வொரு ஒக்டோபரும் லட்சக்கணக்கில தும்பி வந்து இறங்குதே, இந்தத் தீவுகளில நன்னீரே இல்லையே, இது எங்கயிருந்து வருது, எங்க போகுது எண்டு வருசக்கணக்காக் குறிச்சு வைச்சு 2009ல எழுதினவர். இந்தியாப் பக்கமிருந்து வெளிக்கிட்டு ஆயிரம் மீற்றருக்கு மேல வீசுற காத்தைப் பிடிச்சு இந்து சமுத்திரத்தைக் கடந்து கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போகுது எண்டுறது அவரின்ர முடிவு. போய்த் திரும்ப 14,000 முதல் 18,000 கிலோமீற்றர், அதை ஒரு தும்பி முடிக்கிறதில்லை, போறது ஒண்டு, திரும்பி வாறது அதின்ர பேரப்பிள்ளையோ பூட்டப்பிள்ளையோ. ரொறன்ரோ மச்சாள் இதை வாசிச்சிட்டு "எங்கட கதைதானே" எண்டு போட்டவ, நான் ஒண்டும் பதில் போடேல்லை.

நுளம்பைத் தின்னுமெண்டா டெங்கு வராதோ?

தின்னும், நிறையத் தின்னும், குடம்பி தண்ணிக்குள்ள, தும்பி வானத்தில. மியன்மாரின்ர யங்கோன் நகரத்தில வீட்டுத் தண்ணிப் பாத்திரங்களுக்குள்ள நான் மேல சொன்ன சிவப்புத் தும்பியின்ர குடம்பியை விட்டு டெங்கு நுளம்பை நல்லாக் குறைச்ச ஆய்வு 1990ல வெளிவந்தது. ஆனா அங்க குடம்பியை ஆக்கள் கையால கொண்டுபோய் விட்டவை. எங்கட வளவில டெங்கு நுளம்பு பெருகிறது சிரட்டையிலயும் பழைய ரயரிலயும் யோகட் கோப்பையிலயும், அதுக்குள்ள தும்பி முட்டை போட வராது. அதால தும்பி இருக்கு எண்டு சொல்லி சிரட்டையைக் கவிழ்க்காம விடாதேங்கோ.

யாழ்ப்பாணத்தில எங்க, எதைப் பாக்கலாம்?

இலங்கை முழுக்க 130 இனத்துக்குக் கிட்ட இருக்கு, பாதிக்குக் கிட்ட வேற எங்கயும் இல்லாதது. ஆனா அந்த அபூர்வமானதெல்லாம் சிங்கராஜா மாதிரி ஈரக் காட்டு ஓடைகளில. எங்களிட்ட வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை, வழுக்கையாறும் மாரியில மட்டும்தான், மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல், பெய்யிறது உள்ளுக்கு இறங்கிடும். எங்கட தும்பி குளத்தையும் கேணியையும் வயல்வெள்ளத்தையும் நம்பிச் சீவிக்கிற சாதி.

கார்த்திகையில இருந்து தை வரைக்கும் நெல்லு வயல் வரம்பில நடவுங்கோ. செட்டையில கறுப்பும் வெள்ளையுமாப் பட்டி போட்டது நியூரோதெமிஸ் துலியா, வயலுக்கெண்டே பிறந்தது. பொன்னிறச் செட்டையில கறுப்புத் திட்டோட வண்ணத்துப்பூச்சி மாதிரி மிதக்கிறது ரையோதெமிஸ். பச்சையும் கறுப்பும் கலந்த மெலிஞ்ச உடம்புக்காரன் ஓர்தெற்றம் சபீனா, அவன் மற்றத் தும்பியளையே பிடிச்சுத் தின்னுற முரடன். புல்லுக்குள்ள குனிஞ்சு தேடினா ரெண்டு சென்ரிமீற்றரும் வராத ஊசித்தும்பி இருக்கும், மூச்சு விட்டாலே பறந்திடும். கடலேரிக் கரையில உப்புக் கலந்த தண்ணியிலயும் நீல வால் ஊசித்தும்பி இஸ்னூரா தாக்குப்பிடிக்கும். மைமல் நேரம் விளக்குக் கொளுத்தேக்க பறக்கத் தொடங்கிறது தொலிமிஸ். என்ர தொட்டியில வந்தது சீமெந்து நிறப் புள்ளியோட சுவரில அப்பிக்கொண்டு இருக்கிற பிராடினோபைகா, கையை வைக்குமட்டும் அது அங்க இருக்கெண்டே தெரியாது.

குளத்தை வடிவாக்கிறம் எண்டு சுத்திவரச் செங்குத்தாச் சீமெந்துக் கட்டுக் கட்டி, கரைப் புல்லையும் ஆம்பலையும் பிடுங்கி எறிஞ்சிட்டு லைற் போட்டா இதில கன இனத்துக்கு முட்டை வைக்கத் தண்டும் இல்லை, ஏறி வரத் தடியும் இல்லை. இதைச் சொன்னா எனக்கு முன்னேற்றம் பிடிக்கேல்லையாம்.

டைனோசர் காலத்திலயும் இருந்ததோ?

அதுக்கு முந்தியே இதின்ர சொந்தக்காரர் இருந்தினம். 30 கோடி வருசத்துக்கு முந்தின மெகனூரா, பிரான்ஸில கல்லுக்குள்ள கிடைச்சது, 1885ல பேர் வைச்சவை, செட்டை விரிச்சா ரெண்டடிக்கு மேல. நேர்ப் பாட்டன் எண்டு சொல்ல ஏலாது, சித்தப்பா முறை.

நூல் கட்டிக் கல்லுத் தூக்க விடுறது பாவமோ?

நானும் செய்தனான், பொய் சொல்லேல்லை. ஈர்க்கு நுனியில பலாப்பால் தடவிப் பிடிச்சு, வாலில அம்மம்மாவின்ர தையல்நூல் கட்டி, குறுணிக்கல்லுத் தூக்க வைக்கிறது. அது உண்மையாத் தூக்கும். ஆனா வால் எண்டு நாங்கள் நினைக்கிறது வால் இல்லை, வயிறு, மூச்சுத்துளையும் குடலும் அதுக்குள்ளதான். இறுக்கிக் கட்டினா என்ன நடக்கும் எண்டு நீங்களே யோசியுங்கோ. இப்ப பெடியளுக்குப் போன் இருக்கு, படம் எடுக்கட்டும்.

தொட்டியைக் கழுவாம விட்டுத்தான் உங்களுக்குத் தும்பி வந்ததோ?

மாமி கேட்ட கேள்வி. ஓம் மாமி. அது பாவிக்காத பழைய தொட்டி, இப்ப ரெண்டு மூண்டு சின்ன மீனும் விட்டிருக்கிறன், நுளம்பு பெருகாது. பாவிக்கிற தொட்டியைக் கிழமைக்கு ஒருக்கா உரஞ்சிக் கழுவத்தான் வேணும், டெங்கு நுளம்பின்ர முட்டை சுவரில ஒட்டிக்கொண்டு இருக்கும். கழுவ முந்தித் தண்ணியைப் பழைய சேலைத்துணியால வடிச்சுப் பாருங்கோ, தும்பிக் குடம்பி கிடந்தா ஒரு வாளியில கொஞ்சம் பாசியோட எடுத்துக் கிட்ட இருக்கிற குளத்திலயோ கேணியிலயோ விட்டிடலாம். கனக்கக் கிடைச்சா எல்லாத்தையும் ஒரே வாளிக்குள்ள போட்டு இரவு முழுக்க வைச்சிடாதேங்கோ, விடிய எண்ணிப் பாத்தா குறைஞ்சிருக்கும், மிச்சம் இருக்கிறது கொழுத்திருக்கும்.